தைராய்டு கட்டிக்கு எந்த ஸ்கேன், எந்த வரிசையில்: எலாஸ்டோகிராபி முதல் ஏ.ஐ. வரை

கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் "தைராய்டு நாட்யூல்" (தைராய்டு கட்டி) என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் கேட்பது, இதைவிட நல்ல ஸ்கேன் எது என்பதுதான். எலாஸ்டோகிராபி, கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட், நுண் ரத்த ஓட்டப் படம், ஏ.ஐ. மென்பொருள் என்று இன்று பல வழிகள் வந்துவிட்டன. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேள்வியைத் தெளிவாக்காமல் எடுத்த ஸ்கேன், இருந்த குழப்பத்தோடு இன்னொன்றைச் சேர்க்கும்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு வழிகாட்டும் குடும்ப மருத்துவர்கள், ஸ்கேன் அறையில் புதிதாக வேலை கற்பவர்கள் ஆகிய மூவருக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம். ஓர் எண் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

ஸ்கேனுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கட்டி என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவு. அது இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால் அல்ட்ராசவுண்ட் வழியிலேயே தொடரலாம். குறைவாக இருந்தால், அந்தக் கட்டியே ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க டெக்னீஷியம்-99எம் ஸ்கேன் தேவைப்படும். கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, சுமார் 20 நிமிடம் கழித்துக் காமா கேமராவில் படம் எடுப்பார்கள். மருந்தைச் சுற்றுப்பகுதியைவிட அதிகமாக ஈர்க்கும் கட்டியை "ஹாட் நாட்யூல்" என்பார்கள். அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது என்பதால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாது. ஈர்க்காத கட்டியைக் "கோல்டு" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்ச வேண்டாம், பெரும்பாலான தைராய்டு கட்டிகள் கோல்டுதான், அவற்றிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை.

இந்த ஸ்கேனைக் கெடுப்பவை இரண்டு: அண்மையில் அயோடின் கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுத்த சி.டி., தொடர்ந்து சாப்பிடும் தைராக்ஸின் மாத்திரை. இரண்டையும் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடித்தளம்: கறுப்பு-வெள்ளை அல்ட்ராசவுண்ட்

புதிய தொழில்நுட்பங்கள் எல்லாமே இந்தப் படத்தின் மேல்தான் நிற்கின்றன. இது சரியில்லாவிட்டால் மேலே வரும் நிறங்களுக்கும் எண்களுக்கும் அர்த்தமில்லை.

பட்டினி தேவையில்லை. கழுத்தில் நகை, உயர்ந்த காலர் இல்லாமல் போனால் போதும். தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைச் சற்றுப் பின்னால் சாய்ப்பார்கள். தோலில் வைக்கும் கருவித் தலை லீனியர் புரோப், 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல். பெரிய கழலை மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் மட்டும் ஆழம் காட்டும் வளைந்த புரோபை எடுப்பார்கள். இரண்டு மடல்களையும் நடுவிலுள்ள இஸ்துமஸையும் குறுக்கிலும் நெடுக்கிலும் பார்த்து, ஒவ்வொரு கட்டியையும் மூன்று திசைகளில் அளக்க வேண்டும். பிறகு கழுத்தின் இரு பக்க நிணநீர் முடிச்சுகள். கட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு முடிச்சுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்தான். உருண்டையாக, நடுக்கொழுப்புக் கோடு மறைந்து, உள்ளே நீர்ப்பைகளோ சுண்ணாம்புப் புள்ளிகளோ உள்ள முடிச்சு, கட்டியைவிட முக்கியமான தடயமாகிவிடும்.

கற்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இடது மடலின் பின்புறம், காற்று அடைத்த வெண்புள்ளிகளோடு கட்டி போலவே தெரிவது உணவுக்குழாயோ அதிலிருந்து பிதுங்கிய பையோ ஆக இருக்கலாம். நோயாளியை ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருப்பது அசைந்தாலோ குமிழ்கள் ஓடினாலோ அது தைராய்டு கட்டி அல்ல. ஹாஷிமோட்டோ அழற்சி உள்ள தைராய்டில் திட்டுத்திட்டாகத் தெரியும் போலிக் கட்டிகளையும் சோதித்து விலக்க வேண்டும். ஒரு திசையில் கட்டியாகத் தெரிந்து, புரோபை 90 பாகை திருப்பியதும் எல்லையே இல்லாமல் கரைந்துவிட்டால் அது கட்டி இல்லை.

புள்ளிக் கணக்கு: டைராட்ஸ்

டைராட்ஸ் என்பது கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று அல்ட்ராசவுண்ட் படத்தை வைத்து வகைப்படுத்தும் முறை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி (ஏ.சி.ஆர்.) 2017-இல் வெளியிட்ட ஏ.சி.ஆர். டைராட்ஸ் இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஐந்து அம்சங்களுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்ட வேண்டும்.

உள்ளமைப்பு: முழுக்க நீர் அல்லது பஞ்சு போன்றது 0, நீரும் திசுவும் கலந்தது 1, திடமானது 2.
எதிரொலி: எதிரொலியே இல்லாதது 0, ஹைப்பர் அல்லது ஐஸோஎக்கோயிக் (சுற்றுத் தைராய்டைவிட வெளுப்பு அல்லது அதே அளவு) 1, ஹைப்போஎக்கோயிக் (அதைவிடக் கறுப்பு) 2, கழுத்துத் தசையைவிடவும் கறுப்பு என்றால் 3.
வடிவம்: அகலம் கூடியது 0, குறுக்குப் படத்தில் அகலத்தைவிட உயரம் கூடியது 3.
விளிம்பு: வழவழப்பானது அல்லது தெளிவற்றது 0, ஒழுங்கற்றது அல்லது மடிப்புள்ளது 2, தைராய்டைத் தாண்டிப் பரவியது 3.
வெண்புள்ளிகள்: இல்லை அல்லது பெரிய காமெட் டெயில் (பின்னால் வால் போல நீளும் வெண்புள்ளி) 0, பெரிய சுண்ணாம்புத் திட்டு 1, ஓரத்தைச் சுற்றிய சுண்ணாம்பு 2, நுண்புள்ளிகள் 3. வெண்புள்ளிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

மொத்தம் 0 என்றால் டி.ஆர்.1, 2 என்றால் டி.ஆர்.2, 3 என்றால் டி.ஆர்.3, 4 முதல் 6 வரை டி.ஆர்.4, 7-உம் அதற்கு மேலும் டி.ஆர்.5. ஊசிப் பரிசோதனைக்கான அளவு டி.ஆர்.3-க்கு 2.5 செ.மீ., டி.ஆர்.4-க்கு 1.5 செ.மீ., டி.ஆர்.5-க்கு 1 செ.மீ. அதற்குக் குறைவாக இருந்து, முறையே 1.5, 1, 0.5 செ.மீ.யைத் தொட்டிருந்தால் கண்காணிப்பு. டி.ஆர்.1, 2 வகைகளுக்கு ஊசி தேவையில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.4 செ.மீ. கட்டி, திடமானது (2), ஹைப்போஎக்கோயிக் (2), அகலம் கூடியது (0), வழவழப்பான விளிம்பு (0), வெண்புள்ளி இல்லை (0). மொத்தம் 4, அதாவது டி.ஆர்.4. 1.5 செ.மீ.யைத் தொடாததால் ஊசி வேண்டாம், கண்காணிப்பு போதும். இதே கட்டியில் நுண்புள்ளிகள் இருப்பதாக ஒருவர் எழுதினால் 7 ஆகி டி.ஆர்.5-க்குத் தாவிவிடும், உடனே ஊசி. ஒரே ஒரு அம்சம் முடிவை மாற்றிவிடுகிறது. ஆகவே அந்த வெண்புள்ளி உண்மையான நுண்புள்ளிதானா என்று உறுதிசெய்ய எடுக்கும் நேரம் வீணே அல்ல. மிகச் சிறிய நீர்ப்பையின் பின்சுவரும் வெண்கோடாக மின்னும். கூழ்மப் படிகங்களும் வெண்புள்ளியாகத் தெரியும், ஆனால் அவற்றுக்குப் பின்னால் மங்கிக்கொண்டே போகும் வால் இருக்கும். புரோபின் கோணத்தை மெல்ல மாற்றி, அதிர்வெண்ணைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

ரிப்போர்ட்டில் வெறுமனே "டைராட்ஸ் 4" என்று இருந்தால் எந்த டைராட்ஸ் என்று கேளுங்கள். ஏ.சி.ஆர்., ஐரோப்பிய, கொரிய, சீன முறைகள் எல்லாமே புழக்கத்தில் உள்ளன, எல்லைகள் வேறு. ஐரோப்பிய முறையில் 3-ஆம் வகைக்கு 2 செ.மீ. தாண்டினாலே ஊசி, ஏ.சி.ஆரில் 2.5. "4ஏ, 4பி" என்று இருந்தால் அது ஏ.சி.ஆர். அல்ல. இந்தப் புள்ளிக் கணக்கு பெரியவர்களுக்கானது என்பதும் நினைவிருக்கட்டும். குழந்தைகளின் கட்டியை இதே எல்லைகளை வைத்துத் தள்ளிப்போடக் கூடாது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் சிறுவயதில் கழுத்துக்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எலாஸ்டோகிராபி: கட்டி எவ்வளவு விறைப்பு?

தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பரவலான பாப்பிலரி வகை பெரும்பாலும் கடினமாக இருக்கும். மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து உணர்வதை எலாஸ்டோகிராபி படமாகவும் எண்ணாகவும் தருகிறது. இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது ஸ்ட்ரெயின். புரோபால் மிக மெல்ல அழுத்தி விடும்போதோ, பக்கத்துக் கரோடிட் ரத்தக்குழாய் துடிக்கும்போதோ திசு எவ்வளவு நசுங்குகிறது என்று கருவி கணக்கிடும். மென்மையானது அதிகம் நசுங்கும், கடினமானது குறைவாக. கிடைப்பது நிறப்படமும் ஸ்ட்ரெயின் ரேஷியோ என்ற ஒப்பீட்டு எண்ணும். நிறப்படத்தைப் பார்க்கும் முன் திரையின் ஓரத்திலுள்ள நிறப்பட்டையைப் பாருங்கள். சில நிறுவனக் கருவிகளில் நீலம் கடினம், வேறு சிலவற்றில் சிவப்பு கடினம். ஒரு மையத்தின் படத்தை வேறு மையத்தின் பழக்கத்தில் படித்தால் முடிவே தலைகீழாகிவிடும். ரேஷியோ எடுக்கும்போது, ஒப்பிடும் இயல்பான திசுவும் கட்டியும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழம் வேறுபட்டால் அழுத்தம் சமமாகப் போய்ச் சேராது, எண் பொய்யாகும். தைராய்டு முழுக்க ஹாஷிமோட்டோ அழற்சி என்றால் ஒப்பிட இயல்பான திசுவே இருக்காது. அப்போது கழுத்துத் தசையை ஒப்பீடாக வைத்து, அதை ரிப்போர்ட்டிலும் எழுத வேண்டும்.

இரண்டாவது ஷியர் வேவ். இங்கே அழுத்தும் வேலை கையினுடையது அல்ல. கருவியே ஓர் ஒலித்துடிப்பால் திசுவைத் தள்ளி, அதனால் பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கிறது. விறைப்பான திசுவில் அலை வேகமாக ஓடும். முடிவு வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றோ கிலோபாஸ்கலிலோ வரும். கிலோபாஸ்கலில் சொல்லப்படும் மீள்திறன் என்பது திசுவின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை மும்மடங்காக்கியது. ஆக, 2 மீட்டர் வேகம் 12 கிலோபாஸ்கல், 3 மீட்டர் 27, 4 மீட்டர் 48. வேகம் இரட்டித்தால் கிலோபாஸ்கல் நான்கு மடங்காகும். சென்ற ஆண்டு ஓர் அலகிலும் இந்த ஆண்டு வேறு அலகிலும் ரிப்போர்ட் வந்தால் இப்படி மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

ஷியர் வேவ் எடுக்கும் முறை:

ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். புரோப் தோலை அழுத்தாமல் ஜெல்லின் மேல் மிதப்பது போல இருக்க வேண்டும். தெரியாமல் கொடுக்கும் அழுத்தமே இந்தப் பரிசோதனையைக் கெடுக்கும் முதல் காரணம், அழுத்த அழுத்தத் தைராய்டு விறைப்பாகவே காட்டும். கழுத்தை மிகையாகப் பின்னால் சாய்ப்பதும் தசைகளை இறுக்கும். நெடுக்குவாட்டுத் தளத்தில் எடுத்தால் கரோடிட் துடிப்பின் குறுக்கீடு குறையும். நோயாளி பேசாமல், விழுங்காமல், சில வினாடி மூச்சை நிறுத்த வேண்டும். ஆழமாக இழுத்து அடக்கத் தேவையில்லை, இயல்பான மூச்சின் இடையில் நிறுத்தினால் போதும். நிறப்பெட்டியில் கட்டியும் சுற்றிலும் கொஞ்சம் இயல்பான திசுவும் அடங்கட்டும், படம் நிலைபெறச் சில வினாடி காத்திருந்து பிறகு உறையவையுங்கள். ஒரே ஓர் அளவை நம்பாமல் பல முறை எடுத்து இடைநிலை மதிப்பைக் குறியுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறிக்கொண்டே இருந்தால் சராசரி போட்டு ஒப்பேற்ற வேண்டாம், "அளவு நம்பகமில்லை" என்று எழுதுவதே நேர்மை.

இந்த முறை தோற்கும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு படிந்த கட்டி தீங்கற்றதாக இருந்தாலும் கல்லாகக் காட்டும். நீர் நிறைந்த பகுதியில் ஷியர் அலை ஓடாது, ஆகவே அங்கே எண் வராது, வந்தாலும் பொருளில்லை. மூச்சுக்குழாய்க்கு முன்னால் இஸ்துமஸில் உள்ள கட்டி, பின்னுள்ள குருத்தெலும்பில் நெருக்கப்பட்டு விறைப்பாகத் தெரியும். மிக ஆழத்தில் உள்ள கட்டிக்கு ஒலித்துடிப்பு போய்ச் சேராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஃபோலிக்குலர் வகைப் புற்றுநோய் மென்மையாகவே இருக்கக்கூடும் என்பது. ஆகவே "எலாஸ்டோகிராபியில் மென்மை, பயமில்லை" என்ற வரியை வைத்து மட்டும், டைராட்ஸ் கேட்கும் ஊசியைத் தவிர்க்கக் கூடாது.

எத்தனை கிலோபாஸ்கலுக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான ஓர் எல்லை இல்லை. ஆய்வுக்கு ஆய்வு, கருவிக்குக் கருவி அது பெரிதும் மாறுகிறது. எங்கள் கருத்தில் இதன் சரியான இடம் துணைச் சாட்சி: புள்ளிக்கணக்கில் எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டி, பல கட்டிகள் உள்ள கழுத்தில் எதில் முதலில் ஊசி போடுவது என்ற கேள்வி, ஊசியில் போதிய செல்கள் வராமல் போன கட்டி. இந்த மூன்று சூழலிலும் கேட்டு எடுக்கலாம்.

நுண் ரத்த ஓட்டப் படம்

ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் சாதாரணக் கலர் டாப்ளர், திசுவின் அசைவை வடிகட்டும்போது மெதுவாக ஓடும் நுண்குழாய்களின் ரத்தத்தையும் சேர்த்தே வடிகட்டிவிடும். கேனன் நிறுவனத்தின் எஸ்.எம்.ஐ., சாம்சங்கின் எம்.வி.-ஃப்ளோ போன்றவை அசைவையும் ஓட்டத்தையும் வேறு விதமாகப் பிரித்து, கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமலேயே அந்த நுண்குழாய்களைக் காட்டுகின்றன. புரோபை அழுத்தினால் குழாய்கள் மூடிக்கொள்ளும், கைவிடாமல் லேசாகப் பிடிக்க வேண்டும். வேக அளவுகோலைக் குறைத்து, கெயினைப் புள்ளிகள் தெறிக்கும் வரை கூட்டிப் பிறகு ஒரு படி இறக்கினால் சரியான அமைப்பு கிடைக்கும்.

படம் அழகாக இருக்கும். ஆனால் ஏ.சி.ஆர். டைராட்ஸில் ரத்த ஓட்டத்துக்குப் புள்ளியே இல்லை. உள்ளே ரத்தக்குழாய் அதிகம் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். இதன் நல்ல பயன், கலப்புக் கட்டியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பது உயிருள்ள திசுவா, உறைந்த ரத்தமா என்று சொல்வது. ஊசியை எங்கே செலுத்துவது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்

சி.டி.யில் ஏற்றும் அயோடின் மருந்து அல்ல இது. சோனோவியூ என்ற மருந்தில் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயு, கொழுப்புப் படலத்துக்குள் அடைபட்ட நுண்குமிழ்களாக இருக்கும். குமிழ்கள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசியாது, வாயு மூச்சு வழியே வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. அயோடின் இல்லாததால் பின்னால் வரக்கூடிய கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கும் தடையில்லை.

25 மி.கி. பொடியில் 5 மி.லி. சலைன் சேர்த்து 20 வினாடி நன்றாகக் குலுக்க வேண்டும், கலவை பால் போல வெளுக்கும். 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முழங்கை மடிப்பு நரம்பில் 20 கேஜ் கேனுலா. மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினால் குமிழ்கள் உடைந்துவிடும். கல்லீரலுக்கு வழக்கமான அளவு 2.4 மி.லி., தைராய்டுக்குக் கருவியையும் புரோபையும் பொறுத்துக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பார்கள். உடனே சலைனால் தள்ளிவிட வேண்டும். ஒலியின் வலிமையைக் குறிக்கும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் மிகக் குறைவாக, 0.1-க்கு அருகிலோ கீழோ இருக்கட்டும். கூடினால் ஒலியே குமிழ்களை உடைத்து, ரத்தம் ஓடும் இடத்தையும் ஓடாத இடமாகக் காட்டும். மருந்து ஏற்றிய கணத்திலிருந்து வீடியோவாகவே பதிவு செய்யுங்கள். ஓரிரு நிமிடத்தில் முடியும் காட்சி இது, உறைந்த படங்களில் பாதி செய்தி தொலைந்துவிடும்.

ஓரத்தில் முழு வளையமாகப் பிரகாசிப்பது தீங்கற்ற கட்டியின் பக்கம் சாயும். சுற்றுத் திசுவைவிட மங்கலாக, திட்டுத்திட்டாக நிரம்புவது சந்தேகத்தின் பக்கம் சாயும். இரண்டுக்கும் விதிவிலக்குகள் ஏராளம். புதிதாகக் கண்ட கட்டி ஒவ்வொன்றுக்கும் இதை எடுப்பதற்கு நியாயம் இல்லை.

இது உண்மையாகவே கைகொடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, நீர்க்கட்டி சுருங்கிய பின் எஞ்சும் தழும்பு. நீர் வடிந்து சுருங்கிய கட்டி கறுப்பாக, ஒழுங்கற்ற விளிம்போடு, சில சமயம் உயரம் கூடியதாகவும் மாறி, டைராட்ஸில் 5-ஐத் தொட்டுவிடும். கான்ட்ராஸ்டில் அதற்குள் ஒரு குமிழ் கூட நுழையாது. பழைய ஸ்கேனில் அதே இடத்தில் நீர்க்கட்டி இருந்தது என்ற குறிப்பும் சேர்ந்தால், தேவையற்ற ஊசியையும் அறுவையையும் தவிர்க்க முடியும். மற்றொன்று, ரேடியோஃப்ரீக்வன்சி போன்ற முறையில் கட்டியைச் சுட்ட பிறகு. சாதாரணப் படத்தில் சுட்ட பகுதியும் உயிருள்ள பகுதியும் கலங்கித் தெரியும், கான்ட்ராஸ்டில் இருண்ட பகுதி செத்தது, மின்னும் பகுதி மீந்தது என்று அங்கேயே தெரிவதால் விட்டுப்போனதை அப்போதே சுடலாம்.

தீவிர ஒவ்வாமை அரிதுதான், ஆனாலும் அவசர மருந்துகள் கையருகே இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும், முடிந்த பின் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் மிகக் கூடியவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஏ.ஐ. மென்பொருள்கள்

சில ஸ்கேன் கருவிக்குள்ளேயே இருக்கும். சாம்சங்கின் எஸ்-டிடெக்ட் அப்படிப்பட்டது: மருத்துவர் கட்டியைத் தொட்டுக் காட்டினால் எல்லையை வரைந்து, உள்ளமைப்பு, வடிவம், விளிம்பு ஆகியவற்றைப் பட்டியலிடும். தைவானின் ஆம்கேட்-யூடி, அமெரிக்காவின் கோயோஸ் டி.எஸ். ஆகியவை எடுத்த படத்தைத் தனியாகப் படிப்பவை, இரண்டுக்கும் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி உண்டு. 2019-இல் வந்த ஏ.ஐ. டைராட்ஸ் வேறு மாதிரி. அது படத்தைப் படிக்கும் மென்பொருள் அல்ல. ஏ.சி.ஆர். புள்ளிகளைக் கணினி மூலம் சீர்செய்து, சில அம்சங்களின் புள்ளியை 0 ஆக்கிய எளிய பட்டியல். தாளிலும் பேனாவிலும் போடலாம்.

இவற்றின் பலம் சீர்மை. ஒரே கட்டிக்கு இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு புள்ளி போடுவது அன்றாடம் நடப்பது, அனுபவம் குறைந்தவருக்கு மென்பொருளின் இரண்டாவது கண் உதவும். ஆனால் அது பார்ப்பது மனிதர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படத்தை மட்டும். கட்டியின் மோசமான பகுதி அந்தப் படத்தில் இல்லையென்றால் மென்பொருளுக்கு அப்படியொரு பகுதி இருப்பதே தெரியாது. குறுக்கு, நெடுக்கு இரண்டு தளங்களிலும் கட்டி மிகச் சந்தேகமாகத் தெரியும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். அளவுக் குறிகள், அம்புக்குறிகள் இல்லாத சுத்தமான படமாக இருக்கட்டும். மென்பொருள் வரைந்த எல்லையை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். அது பக்கத்துத் தசையையோ ரத்தக்குழாயையோ சேர்த்து வளைத்துவிட்டால் விளிம்பும் வடிவமும் தவறாகவே வரும். நுண் சுண்ணாம்புப் புள்ளிகளில் இவை தடுமாறக்கூடும், அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது. பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களில் பாப்பிலரி வகையே மிகுதி என்பதால் ஃபோலிக்குலர் வகையில் இவற்றின் கணிப்பை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் டி.எஸ்.ஹெச்., குடும்ப வரலாறு, கழுத்து முடிச்சு எதுவும் அதற்குத் தெரியாது.

சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்

கட்டி நல்லதா கெட்டதா என்று பிரிக்க சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் உதவாது. கழலை மார்புக்குள் இறங்கியிருந்தாலோ, மூச்சுக்குழாய் நெருக்கப்பட்டாலோ, அறுவைக்கு முன் பரவலைப் பார்க்கவோதான் அவை. அயோடின் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரும், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு நோய்க்காக எடுத்த பெட் ஸ்கேனில் தைராய்டின் ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால் அலட்சியம் கூடாது, அத்தகையவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புற்றுநோயாக இருக்கும். அல்ட்ராசவுண்டும், கட்டி 1 செ.மீ. தொட்டிருந்தால் ஊசியும் தேவை. தைராய்டு முழுதும் சீராக ஒளிர்ந்தால் பெரும்பாலும் அழற்சிதான்.

ஊசி: இன்னும் இதுதான் தீர்ப்பு

ஊசிப் பரிசோதனையை (எஃப்.என்.ஏ.சி.) அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே செய்யும் இடத்தில் செய்யுங்கள். 25 முதல் 27 கேஜ் வரையிலான மெல்லிய ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. 2 முதல் 5 முறை வெவ்வேறு இடங்களில் எடுப்பார்கள். கலப்புக் கட்டியில் நீரை உறிஞ்சிவிட்டு நிறுத்தினால் போதாது, திடப்பகுதியிலிருந்து செல் வர வேண்டும். குறைந்தது 10 செல்கள் கொண்ட கூட்டங்கள் 6 இருந்தால்தான் மாதிரி போதுமானது. உள்ளே செத்த பகுதி அதிகமுள்ள கட்டியில் ஊசி வெறுங்கையோடு திரும்புவது சகஜம். நுண் ரத்த ஓட்டப் படமோ கான்ட்ராஸ்டோ உயிருள்ள பகுதியைக் காட்டிவிட்டால் இரண்டாவது முயற்சி பலிக்கும் வாய்ப்பு கூடும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடிவு பெதஸ்டா என்ற வகைப்பாட்டு முறையில் ஆறு வகையாக வரும். 2023 பதிப்பின்படி இரண்டாம் வகையில் (தீங்கற்றது) புற்றுநோய் வாய்ப்பு சராசரியாக 4%, மூன்றில் 22%, நான்கில் 30%, ஐந்தில் 74%, ஆறில் 97%. முதல் வகை என்றால் மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்று பொருள். ஸ்கேன் மிகச் சந்தேகமாக இருந்து ஊசி "தீங்கற்றது" என்றால் அந்த முரணை அப்படியே விட்டுவிடாமல் ஓராண்டுக்குள் மறுபடி ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம், நான்காம் வகைகளில் எந்த ஸ்கேனும் முடிவைத் தீர்த்துவைக்காது, அங்கே மூன்றாம் வகைக்கு மீண்டும் ஊசி, இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை அல்லது மடலை அகற்றிப் பார்ப்பது ஆகியவையே பொதுவான வழிகள்.

கண்காணிப்பும், தேடாமல் விடுவதும்

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று கழுத்து ஸ்கேன் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தென்கொரியாவில் பரவலாக அப்படிப் பார்த்ததில் 1993-க்கும் 2011-க்கும் இடையே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கூடியது, இறப்பு எண்ணிக்கை மாறவே இல்லை. தேடிக் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி ஆளைக் கொல்லாதவை. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993 முதலே 1 செ.மீ.க்குக் குறைந்த, பரவாத பாப்பிலரி புற்றுநோய்களை அறுக்காமல் கண்காணித்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் வளராமலே இருந்தன. 1 செ.மீ.க்குக் குறைந்த டி.ஆர்.5 கட்டிக்கு உடனே ஊசி போடாமல் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது இந்த அனுபவத்தோடு பொருந்தும் அணுகுமுறைதான்.

டி.ஆர்.4 என்றால் 1, 2, 3, 5 ஆண்டுகளில் ஸ்கேன். டி.ஆர்.3 என்றால் 1, 3, 5 ஆண்டுகளில். 5 ஆண்டு மாறாமல் இருந்தால் நிறுத்திவிடலாம். "வளர்ந்துவிட்டது" என்று சொல்ல ஓர் அளவுகோல் உண்டு: குறைந்தது இரண்டு திசைகளில் 20% கூடி, ஒவ்வொன்றும் 2 மி.மீ.யாவது பெருத்திருக்க வேண்டும், அல்லது கன அளவு 50% கூடியிருக்க வேண்டும். கன அளவுக்கு மூன்று நீளங்களையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குங்கள். 1.4 × 1.2 × 1.0 செ.மீ. கட்டி 0.87 மி.லி. அடுத்த ஸ்கேனில் 1.6 × 1.3 × 1.0 என்று வந்தால் 1.08 மி.லி., அதாவது 24% கூடுதல். இது வளர்ச்சிக் கணக்கில் வராது, கை மாறினாலே இந்த அளவு வித்தியாசம் வரும்.

இந்த ஒப்பீடு சரியாக நடக்க, முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே கருவியில் எடுங்கள். எலாஸ்டோகிராபி எண்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வோம். அச்சிட்ட பக்கம் மங்கிவிடும், அதிலிருந்து யாரும் திரும்ப அளக்க முடியாது. ஸ்கேன் முடிந்ததும் படங்களையும் கான்ட்ராஸ்ட் வீடியோவையும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவத்தில் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கட்டிக்கும் இடம், மூன்று அளவுகள், டைராட்ஸின் ஐந்து அம்சங்கள், எந்த முறை என்ற குறிப்பு, நிணநீர் முடிச்சு பற்றிய வரி, எலாஸ்டோகிராபி எடுத்திருந்தால் கருவியின் பெயரும் அலகும் இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே சேர்த்துத் தரச் சொல்வது எளிது.